நெரிசலான துறைமுகத்துக்குள் பந்தயப் படகு அணியின் தளம்: அனுமதிக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

துறைமுகத்தெரு (கேள்வி)

உள்துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கும் மேடையை ஒட்டிய இடத்தை ஒரு பந்தயப் பாய்மரப் படகு அணி குத்தகைக்குக் கேட்கிறது. அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டியில் ஓடும், ஃபாயில் என்ற நீரடி இறக்கைகளால் நீர்மேல் எழும்பிப் பறக்கும் ஏசி75 வகைப் படகுக்கான தளம். படகுக் கொட்டகை, அதன்மேல் அலுவலகம், கரையோரத்தில் கிரேன், துணைப்படகுகளுக்கு மிதவை மேடை, முன்னால் கொஞ்சம் தூர்வாருதல் என்று விண்ணப்பம் போகிறது. கார் ஏற்றும் ஃபெர்ரியும் மீன்பிடிப் படகுகளும் வெளியே போக ஒரே வாய்க்கால்தான்.

விண்ணப்பத்தோடு வந்த சத்தம், போக்குவரத்து, நீர்த்தரம், கட்டுமானம் ஆகிய நான்கு அறிக்கைகளும் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்றே முடிகின்றன. குடியிருப்போர் பக்கம் கட்டடத்தின் உயரம் பற்றித்தான் அதிகம் பேச்சு. மீனவர்களுக்கு இடம் போய்விடுமோ என்ற பயம். கருத்துச் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது. எந்தக் கேள்விகளை எண்களோடு கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்? எந்தப் பயங்களை விட்டுவிடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கரைச்சுவர்

கட்டடத்தின் உயரத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். அது வரைபடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தெரியாமல் இருப்பது தினசரி வேலைமுறை. "ஒரு பயிற்சி நாளில் காலை முதல் இரவு வரை எந்த மணிக்கு என்ன நடக்கும்" என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளும் அதிலிருந்துதான் கிளம்பும்.

ஏசி75 சாதாரண யாட் போல நீரிலேயே கட்டிக் கிடப்பதில்லை. உடல் நீளம் 20 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 5 மீட்டர், பாய்மரம் 26.5 மீட்டர், எடை ஏறத்தாழ ஆறரை டன். காலையில் கொட்டகையிலிருந்து சக்கரத் தொட்டிலில் வெளியே வரும், கிரேன் பாய்மரத்தை நிறுத்தும், பிறகு படகையே தூக்கி நீரில் வைக்கும். மாலையில் இதே வரிசை தலைகீழாக நடக்கும். ஆக, கிரேன் என்பது எப்போதாவது வந்து போகும் வண்டி இல்லை. அந்தத் தளத்தின் இதயமே அதுதான்.

இப்போது எண்களுக்கு வருவோம். "100 டன் கிரேன்" என்றால் அந்த 100 டன் சுமார் 3 மீட்டர் தூரத்தில் தூக்கும் அளவு. 20 மீட்டர் தூரத்துக்குக் கையை நீட்டினால் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். தூக்கும் சட்டமும் பட்டைகளும் சேர்த்துப் படகு எட்டு டன் வரை வரலாம். எனவே பெரிய கிரேன்தான் வேண்டும். ஐந்து அச்சு வண்டியின் சொந்த எடையே 60 டன், அதற்கு மேல் எதிர்எடை. கை கரையோரம் திரும்பும்போது இந்தச் சுமையில் பாதிக்கு மேல் கிரேன் சாயாமல் பக்கவாட்டில் ஊன்றும் அவுட்ரிக்கர் கால்களில் ஒன்றின் மேல் மட்டும் விழும். 40 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் பலகை போட்டாலும் சதுர மீட்டருக்கு 10 டன். பழைய கல் கரைச்சுவர்களின் மேல்தளம் பல இடங்களில் 1 முதல் 2 டன் வரைதான் தாங்கும் என்று கணக்கிடப்பட்டிருக்கும்.

நான்கு அறிக்கைகளும் தனித்தனியாகச் சரியாக இருந்தும் சேர்ந்து தவறாகிப் போகும் இடம் ஒன்று உண்டு. கிரேன் அறிக்கை சுவரின் மேல் சுமையைப் பார்க்கும். தூர்வாரும் அறிக்கை மண்ணின் அளவையும் தரத்தையும் பார்க்கும். ஆனால் சுவர் சாயாமல் நிற்பதே அதன் காலடியில், நீர்ப்பக்கம் இருக்கும் மண் எதிர்த்துத் தள்ளுவதால்தான். மேலே பாரத்தைக் கூட்டி, கீழே அந்த மண்ணையும் அள்ளினால் இரண்டும் ஒரே சுவரைத்தான் தாக்குகின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்து, கடல்மட்டம் முழுதாக வற்றிய நேரத்துக்குச் சுவரின் நிலைப்புக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். நீர் வற்றும்போது வெளியிலிருந்து நீரின் தாங்கல் குறையும், சுவருக்குப் பின்னால் ஊறிய நீர் மட்டும் உடனே வடியாது. அந்த நேரம்தான் மோசமானது. கணக்கு போடவில்லை என்றால் கிரேனுக்குத் தனியாகத் தூண் அடித்த மேடை வேண்டும். அது முடியாவிட்டால் அவுட்ரிக்கரைச் சுவரின் உயரத்துக்குக் குறையாத தூரம் உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால் கை இன்னும் நீளும், கிரேன் இன்னும் பெரிதாகும். இந்தச் சுழலை வடிவமைப்பாளர் வரைபடத்திலேயே தீர்த்திருக்க வேண்டும்.

அடுத்தது தூர்வாரும் ஆழம். மிதக்கும்போது இரு ஃபாயில்களையும் கீழே இறக்கித்தான் படகைச் சாயாமல் வைக்கிறார்கள், அப்போது மிதவாழம் (நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) 5 மீட்டர். அடியில் அரை மீட்டர் இடைவெளி, வண்டல் சேர்வதற்கு இன்னொரு அரை மீட்டர் என்றால் 6 மீட்டர். கடல் ஏறினாலும் வற்றினாலும் எந்நேரமும் வெளியேற வேண்டும் என்று அணி கேட்பதால்தான் இந்த ஆழம். கடல்மட்டம் பாதிக்கு மேல் ஏறிய நேரத்தில் மட்டும் போவது, வருவது என்று ஒத்துக்கொண்டால் ஆழத்தைக் குறைக்கலாம். 60 மீட்டருக்கு 30 மீட்டர் இடத்தில் ஒரு மீட்டரைக் குறைத்தாலே 1,800 கன மீட்டர் சகதி வெளியே வராமல் இருக்கும்.

கிரேன் தவறுவது கற்பனை இல்லை. 2024 ஆகஸ்டில் பார்சிலோனாவில் நியூசிலாந்து அணியின் படகு நீரிலிருந்து தூக்கப்பட்டபோது ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து தொட்டில் மேல் விழுந்தது. பொதுமக்கள் நடக்கும் பாதை கிரேன் சுற்றும் வட்டத்துக்குள் வருகிறதா, தூக்கும் நேரத்தில் பாதையை யார் மூடுவார்கள், எத்தனை நிமிடம் மூடுவார்கள் என்பது அனுமதி நிபந்தனையில் இருக்கட்டும்.

---

பைலட்ஏணி

கரைச்சுவர் சார் நிலத்தைப் பார்த்துவிட்டார். நான் நீரைச் சொல்கிறேன்.

பந்தயப் படகு துறைமுகத்துக்குள் பறந்து வரும் என்று யாராவது பயந்தால் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு இன்ஜின் கிடையாது. வாய்க்கால் முழுக்க இழுவையில்தான் போகும், வரும். உள்ளே ஃபாயிலில் ஏறக்கூடாது என்ற ஒரு வரி நிபந்தனை போதும், எந்த அணியும் மறுக்காது. கவனிக்க வேண்டியவை துணைப்படகுகள். இழுப்பதற்கு, பயிற்சியாளருக்கு, நீச்சல் மீட்பருக்கு, பாய் எடுத்துப் போக, விருந்தினருக்கு என்று அவை பெருகிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். விண்ணப்பங்கள் "ஒரு படகு, ஒரு போக்கு, ஒரு வரவு" என்று எழுதுவது வழக்கம்.

வேக வரம்பு 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கிமீ) என்று போட்டிருப்பார்கள். பிரிட்டன் அணியின் தளம் இருந்த போர்ட்ஸ்மத் துறைமுகத்திலும் 10 நாட்தான் என்று எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் 12 மீட்டர் துணைப்படகுக்கு அந்த எண் சரியான தடுப்பு இல்லை. படகின் வேகத்தை அதன் நீளத்தோடு ஒப்பிடும் ஃபிரவுட் எண் 0.5-ஐ நெருங்கும்போதுதான் அது மூக்கைத் தூக்கி, வாலை அமிழ்த்தி, பெரிய அலையைக் கிளப்பும். 12 மீட்டர் நீளத்துக்கு அது சுமார் 10.5 நாட். அதாவது வரம்பைச் சரியாகக் கடைப்பிடிக்கும் ஓட்டுநர்தான் அதிக அலை எழுப்புவார்! 6 நாட் என்று இறக்கினால் ஃபிரவுட் எண் 0.3-க்குக் கீழே போய்விடும், அலை அடங்கிவிடும். அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடியாகப் போகும் என்பதால் உயரம் பாதியானால் கட்டிய கயிறுகள் மேல் விழும் அடி கால்பங்காகும்.

ஆழத்துக்கும் இதில் பங்கு உண்டு. 5 மீட்டர் ஆழ நீரில் அலை போகக்கூடிய உச்ச வேகம் சுமார் 13.6 நாட், 10 மீட்டரில் 19 நாட்டுக்குச் சற்று மேல். படகின் வேகம் அதை நெருங்கும்போது அலை அடர்ந்து நீளமாகி, படகு கடந்து போன பிறகும் மேடை வரை வந்து அடிக்கும். எனவே வாய்க்காலுக்கு வெளியே வேகம் கூட்டத் தொடங்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு மிதவையால் குறித்துக் கேளுங்கள். ஆழம் குறைந்த பகுதிக்குள் அந்த மிதவை வரக்கூடாது.

மீன்பிடி மேடையில் அலை உயரம் எவ்வளவு வரும் என்று அறிக்கையில் எண் இருக்கிறதா பாருங்கள். சிறுபடகுத் துறைகளுக்கு 0.3 மீட்டர் என்பது பொதுவாகப் பயன்படும் வரம்பு. மீன் இறக்கும்போது அதுகூட அதிகம், தொங்கும் கூடை ஆடும்.

ஃபெர்ரி விஷயம். சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 9-ஆம் விதிப்படி 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளும் பாய்ப்படகுகளும் குறுகிய வாய்க்காலுக்குள் மட்டுமே பாதுகாப்பாகப் போகக்கூடிய கப்பலின் வழியை மறிக்கக்கூடாது. இழுவையில் இருக்கும் ஏசி75 சட்டென்று விலக முடியாதது. பக்கக்காற்றில் அந்தப் பாய்மரம் ஒரு பாய் போலவே காற்றைப் பிடிக்கும், இழுவைக் கயிறு ஒன்று மட்டும் இருந்தால் பின்பகுதி வாய்க்காலுக்குக் குறுக்கே திரும்பிவிடும். முன்னால் ஒன்று, பக்கத்தில் கட்டியபடி ஒன்று என இரண்டு படகுகள் இருக்க வேண்டும். ஃபெர்ரியின் நேர அட்டவணைக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடம் இழுவை வாய்க்காலுக்குள் நுழையக்கூடாது. ஒவ்வொரு தடவையும் துறைமுகக் கட்டுப்பாட்டின் விஎச்எஃப் ரேடியோ அலைவரிசையில் அனுமதி வாங்கிய பிறகே கயிறு அவிழ்க்க வேண்டும். போர்ட்ஸ்மத்தில் கடற்படைக் கப்பல்களும் ஃபெர்ரிகளும் பந்தயப் படகும் ஒரே வாயில் வழியாகப் போனதற்குக் காரணம் சிறு படகுகளுக்கென்று ஓரத்தில் தனி வாய்க்கால் ஒதுக்கியிருந்ததும், எல்லாம் ஒரே அதிகாரியின் கட்டுப்பாட்டில் இருந்ததும்தான். அந்த ஏற்பாடு இல்லாத துறைமுகம் அந்த உதாரணத்தைக் காட்டக்கூடாது.

கவிழ்ந்தால் யார் வருவார்கள் என்பதையும் கேளுங்கள். 2021 ஜனவரியில் ஆக்லாந்தில் அமெரிக்கன் மேஜிக் அணியின் பேட்ரியட் என்ற ஏசி75 படகு கவிழ்ந்து, உடலில் ஓட்டை விழுந்து மூழ்கப் பார்த்தது. அதைக் காப்பாற்ற மற்ற அணிகளின் படகுகளும் தீயணைப்புத் துறையின் பம்புகளும் தேவைப்பட்டன. போட்டி நாளில் அத்தனை உதவி பக்கத்திலேயே இருந்தது, சாதாரணப் பயிற்சி நாளில் இருக்காது. உள்ளூர் மீட்புப் படகு அன்று மீனவர்களுக்கும் வேண்டியிருக்கலாம். எனவே அணியின் சொந்தப் பம்புகள், மிதவைப் பைகள், முக்குளிப்பவர்கள் எத்தனை என்று எண்ணிக்கையோடு எழுதி வாங்குங்கள்.

---

துறைமுகத்தெரு

மிக்க நன்றி. விண்ணப்பத்தில் 10 நாட் என்றுதான் இருக்கிறது, சுவரின் நிலைப்புக் கணக்கு எதையும் காணவில்லை. இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கார்பன் தூசி, பெயின்ட், ஹைட்ரஜன் பற்றி மீன் ஏலக் கூடத்தில் நிறையப் பேச்சு. அதில் எது உண்மை? குத்தகை எத்தனை வருடம் என்பதிலும் தெளிவில்லை.

---

பிசின்பட்டறை

முதல் கேள்வி: அங்கே படகைக் கட்டப் போகிறார்களா, பழுது மட்டும் பார்க்கப் போகிறார்களா? பெரும்பாலும் உடல் வேறு பட்டறையில் வார்க்கப்பட்டு வரும். பழுது மட்டும் என்றால் வேலை அளவு சிறியது, ஆனால் இரவில் நடக்கும். பகலில் உடைந்தது மறுநாள் காலைக்குள் ஒட்டியாக வேண்டும்.

பிசின் ஊறிய கார்பன் துணி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இருக்கும், 80 முதல் 120 டிகிரி வரை சூடாக்கி இறுக்குவார்கள். இறுகும் போது வெளியே போகும் ஆவி குறைவு. அதைவிடத் தேய்ப்பதுதான் தொல்லை. கார்பன் தூசி மின்சாரத்தைக் கடத்தும். வெளிமுற்றத்தில் தேய்த்தால் காற்றோடு போய்ப் பக்கத்து ஐஸ் அறையின் மின்பலகைக்குள் படிந்து குறுக்குச்சுற்று ஏற்படுத்தும். நிபந்தனை எளிது: தேய்ப்பு மூடிய அறைக்குள் மட்டும், கருவியின் தலையிலேயே உறிஞ்சி, நுண்தூசியைப் பிடிக்கும் எச்-வகை வடிகட்டி, கதவு திறந்திருந்தால் வேலை நிற்க வேண்டும்.

பெயின்டில் கவனிக்க வேண்டியது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன். அதில் ஐசோசயனேட் இருக்கும், மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். தெளிப்பு அறையின் புகைக்குழாய் அருகிலுள்ள கூரைகளைவிட உயரமாக இருக்கிறதா, காற்று அடிக்கும் பக்கத்தில் மீன் ஏலக் கூடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாசி தடுக்கும் பூச்சு பற்றிய பயத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்துங்கள். தினமும் கரையேறும் பந்தயப் படகுக்கு அந்தப் பூச்சே தேவையில்லை. நீரில் கிடக்கும் துணைப்படகுகளுக்குத்தான் வேண்டும், அவற்றை அழுத்தநீரில் கழுவும்போது தாமிரம் வடியும். கழுவும் தளத்தைச் சுற்றி வடிகாலும் படிவுத்தொட்டியும் வேண்டும், மழைநீர்க் குழாயோடு அது சேரக்கூடாது.

இதைவிடப் பெரியது ஏற்கெனவே அடியில் கிடப்பது. பழைய படகுப் பட்டறைகள் இருந்த துறைமுகச் சகதியில் பழைய பாசித்தடுப்புப் பூச்சுகளில் இருந்த டிபிடி என்ற தகரச் சேர்மம் இன்னும் இருக்கும். அதற்கான சர்வதேசத் தடை உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2008-ல் நடைமுறைக்கு வந்தது, ஆனால் காற்றுப்படாத சகதியில் அது எளிதில் சிதைவதில்லை. மேல்பரப்பில் அள்ளிய மாதிரியை மட்டும் சோதித்தால் சுத்தம் என்றுதான் வரும், ஏனென்றால் புதிய வண்டல் மேலே மூடியிருக்கும். தூர்வாரும் ஆழம் முழுவதற்கும், அதற்கு அரை மீட்டர் கீழே வரைக்கும் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கு அடுக்காகச் சோதித்த முடிவைக் கேளுங்கள். அறிக்கையில் "கலவை மாதிரி" என்ற சொல்லைக் கண்டால் அங்கே நில்லுங்கள், அடுக்குகளைக் கலந்துவிட்டால் கெட்ட அடுக்கு தெரியாது.

ஹைட்ரஜன்: 2024 போட்டிக்கான விதிகளில் ஹைட்ரஜன் துணைப்படகுகள் இடம்பெற்றதால் இந்தக் கேள்வி நியாயமானது. 350 பார் போன்ற உயரழுத்தத்தில் சேமிக்கப்படும் வாயு அது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் பற்றும், சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மிக லேசானது, திறந்த வெளியில் உடனே மேலே போய்விடும். கூரைக்கு அடியில் தேங்கினால்தான் ஆபத்து. எனவே கலன்கள் திறந்த முற்றத்திலா, கொட்டகைக்குள்ளா? எரிவாயு லாரி எந்த மணிக்கு எந்தத் தெரு வழியாக வரும்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

---

குத்தகைச்சீட்டு

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த அறிக்கையில் 16 மணி நேரச் சராசரி எடுத்திருக்கிறார்களா பாருங்கள். காலை ஆறரைக்கு இருபது நிமிடம் கிரேன் பின்வாங்கும் பீப் ஒலி, இரவு பத்துக்குத் தேய்ப்புக் கருவி, இரண்டும் அந்தச் சராசரியில் கரைந்துவிடும். பிரிட்டனில் பயன்படும் பிஎஸ் 4142 முறை பகலுக்கு ஒரு மணி நேரம், இரவுக்கு 15 நிமிடம் என்று அளக்கும். ஒரே சுருதியில் வரும் ஒலிக்கு 6 டெசிபல் வரையும், தட்டும் இடிக்கும் ஒலிக்கு 9 வரையும் கூட்டும். அப்படிக் கிடைப்பது இடத்தின் பின்னணி ஒலியைவிட 5 அதிகம் என்றால் பாதிப்பு, 10 என்றால் கடும் பாதிப்பு. பின்னணியை மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் அளந்திருந்தால் அது செல்லாது, அமைதியான நேரத்தில் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். பீப் ஒலிக்குப் பதிலாகச் சீறல் ஒலி எழுப்பும் கருவி வந்துவிட்டது, அதைக் கட்டாயமாக்கலாம்.

இனி குத்தகை. இந்தத் தளங்களின் ஆயுள் கட்டடத்தின் ஆயுளைவிடக் குறைவு. போட்டி எங்கே நடக்கும் என்பதை ஒவ்வொரு முறையும் வென்ற அணி தீர்மானித்து வந்தது: 2021-ல் ஆக்லாந்து, 2024-ல் பார்சிலோனா, 2027-க்கு நேப்பிள்ஸ். வாலென்சியாவில் 2007 போட்டிக்குக் கட்டிய தளங்கள் பல வருடங்கள் காலியாகக் கிடந்து, பிறகுதான் சிலவற்றுக்குத் தொழில்முனைவோர் மையமாக மறுவாழ்வு கிடைத்தது. போர்ட்ஸ்மத்தின் கேம்பர் துறையில் பிரிட்டன் அணியின் தளம் 2015-ல் திறந்தது, சில ஆண்டுகளில் அணியின் வடிவமைப்பு வேலை கடலே இல்லாத பிராக்லிக்குப் போய்விட்டது. அணி போவது குற்றமில்லை. போகும் நாளுக்கு ஒப்பந்தத்தில் வரி இல்லாததுதான் குற்றம். தூண் மேடை, மிதவை மேடை, கொட்டகை இவற்றில் எது அகற்றப்படும், எது ஊருக்கு விடப்படும், அகற்றும் செலவுக்கு முன்பணம் எவ்வளவு என்று பட்டியல் வேண்டும். ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்த முன்பணம் உயர வேண்டும்.

உள்ளூர்க் குரல் திட்டத்தை மாற்றிய உதாரணமும் இருக்கிறது. ஆக்லாந்தில் முதலில் மேடைகளை நீருக்குள் வெகுதூரம் நீட்டுவதாக இருந்தது. துறைமுகத்தை இன்னும் விழுங்குவதா என்று எதிர்ப்பு வந்ததும் 2018 மார்ச்சில் நீட்டலைச் சுருக்கி, வின்யார்ட் முனையில் எண்ணெய், ரசாயனக் கிடங்குகள் இருந்த நிலத்தைத் தளங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தான கிடங்குகளும் அதனால் முன்கூட்டியே காலியாயின. ஆனால் மீன்பிடிப் படகுகளும் வாகன ஃபெர்ரியும் இடம் மாறத்தான் வேண்டியிருந்தது. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் "அங்கே வேண்டாம், இங்கே வை" என்று ஒரு மாற்று வரைபடத்தோடு போங்கள்.

---

பைலட்ஏணி

மீனவர் இடமாற்றம் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். குத்தகைச்சீட்டு சொல்வது போல மாற்று இடம் கேட்கலாம், ஆனால் "அதே நீள மேடை" என்று எழுதினால் ஏமாந்துவிடுவார்கள். மீன்பிடி மேடை என்றால் கட்டும் நீளம் மட்டும் இல்லை. ஐஸ், டீசல், குடிநீர், வலை விரித்துத் தைக்கும் தரை, லாரி திரும்பும் வட்டம், கடல் வற்றிய நேரத்திலும் படகு தரைதட்டாத ஆழம், எல்லாம் சேர்ந்ததுதான். புதிய இடம் துறைமுக வாயை ஒட்டிய திறந்த பக்கம் இருந்தால் பெருங்காற்று அடிக்கும் இரவுகளில் யாரும் கட்ட முடியாது. புதிய மேடை முழுதாக வேலை செய்து, ஒரு பெருங்காற்றுக் காலம் கடந்த பிறகுதான் பழைய மேடையில் அணி கை வைக்கலாம் என்ற வரிசையை எழுதுங்கள்.

---

கரைச்சுவர்

அதற்கு ஆதரவு. மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது: முதல் வாரமே சுவர்க் கணக்கு, அடுக்குச் சகதிச் சோதனை, துணைப்படகுப் போக்குவரத்து எண்ணிக்கை இந்த மூன்றும் இல்லை என்று சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் முழுமையில்லை என்று பதிவானால் பல இடங்களில் கருத்துக்காலம் திரும்பத் தொடங்கும். மீனவர்களும் குடியிருப்போரும் தனித்தனி மனு போடலாம், ஆனால் வேக வரம்பு 6 நாட் என்பதும் இரவு வேலை நேரமும் இரண்டு மனுவிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எண்கள் முரண்பட்டால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.